மழைக் காட்சி என்று யாரும் சொல்லவில்லை

ஏஜெண்டிடமிருந்து ஆள் வந்ததும் என்ன ஏது என்று கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறுகிற பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு, கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று திட்டினாலும் பரவாயில்லை. திட்டிவிட்டு, அடுத்த முறை ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும் எனக்கு.

இருபத்தேழு வருஷம் நான் சினிமாக் கூட்டத்தில் நின்றவள். கோயில் கூட்டம், சந்தைக் கூட்டம், கோர்ட்டில் தீர்ப்புக் கேட்கிற கூட்டம். இப்போது உங்களைத் துணை நடிகர்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்களை எக்ஸ்ட்ரா என்றார்கள். "எக்ஸ்ட்ராவை எல்லாம் மரத்தடியில ஒக்கார வை" என்று ஒருவன் கத்துவான். அந்தக் குரல் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொழிலைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். நாலு நாளில் யாருக்கும் வந்துவிடும். ஏஜெண்டைச் சமாளிப்பது மட்டும் நாலு நாளில் வராது. எனக்குப் பத்து வருஷம் ஆனது. அந்தப் பத்தாவது வருஷத்துக் கதைதான் இது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு ஏஜெண்ட். பெயர் வேண்டாம், அவருக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, ஒரு டைரி, சுவரில் நாலு சினிமாக் காலண்டர். அதுதான் ஆபீஸ். மெட்ராஸ் கம்பெனிக்கு ஆள் தேவை என்றால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள், அவர் எங்களுக்குச் சொல்வார். ஷூட்டிங்கில் நாங்கள் டைரக்டரிடம் பேசக் கூடாது. அசிஸ்டென்டிடமும் பேசக் கூடாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஏஜெண்டிடம்தான் கேட்க வேண்டும். இதெல்லாம் சினிமாவின் சட்டம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவரே உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம் என்று பின்னால்தான் தெரிந்தது.

காலேஜ் பெண்கள் வேண்டும், தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒருமுறை எட்டுப் பேரை மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். போய் இறங்கினால் அங்கே வேண்டியது பிச்சைக்காரிகள். ஒருவன் வந்து எங்கள் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசினான். பூவை எடுத்து எறிந்தான். ஏஜெண்ட் பக்கத்தில் நின்று சிரித்தார். "காலேஜாவது கோயில் வாசலாவது, கேமரா ஒண்ணுதானம்மா" என்றார். நாங்களும் சிரித்தோம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கரி பூசினவன் மேல் இல்லை, சிரித்த என் மேல்.

இனி அந்தப் பத்தாவது வருஷம்.

என் வீட்டுக்காரர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர். நாங்கள் குடியிருந்தது நெசவாளர் தெரு. ஒரு நாள் ஏஜெண்டே வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அவர் வாசலுக்கு வந்தால் காரியம் பெரியது என்று அர்த்தம்.

"இன்னாம்மா சரசு, எத்தினி வருஷமா கூட்டத்துல நின்னுக்கினு இருக்கிற? ஒரு டயலாக் பேசணும்னு ஆசை இல்லியா?"

ஆசை இல்லையாவா! கூட்டத்தில் நிற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேட்டா ஒரு ரூபாய் கூடவா, ஒரு வரி வசனமா என்றால் எல்லாரும் வசனத்தைத்தான் கேட்பார்கள்.

"ஓரிக்கை பக்கம் மாந்தோப்புல கல்யாணப் பந்தல் போட்டுருக்காங்க. பன்னண்டு பொம்பளைங்க வேணும். கலர்ப் படம்மா, எல்லாரும் சொந்தப் பட்டுப்புடவை கட்டிக்கினு வரணும். கசங்குனது, சாயம் போனது வாணாம். பன்னண்டு பேரை நீ சேத்துக் குடு. 'முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பொண்ணைக் கூப்பிடுங்க'ன்னு ஒரு வரி. அது உனக்கு."

"சீன் இன்னாங்க?"

"அதான் சொன்னேனே. பந்தல்ல ஒக்காந்து அட்சதை போடணும். வேற ஒண்ணும் இல்ல."

கேட்டேனா? கேட்டேன். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்கவில்லை. காதில் அந்த ஒரு வரி வசனம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு எது உள்ளே போகும்? அன்றைக்கு முழுக்க அடுப்படியில் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தவர், "பொண்ணை அப்புறம் கூப்பிடு, மொதல்ல ரசத்தை ஊத்து" என்றார்.

என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் சுலபமாகச் சேர்ந்துவிட்டோம். எல்லாரிடமும் கல்யாணப் புடவையாவது ஒன்று இருந்தது. பன்னிரண்டாவது ஆள் பச்சையம்மா. எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், வாயே திறக்க மாட்டாள். அவள் புருஷன் ஒரு முதலாளிக்கு நெய்துகொடுப்பவர். முதலாளி பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பார், இவர் வீட்டுத் தறியில் நெய்து, புடவையை அறுத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வருவார். பச்சையம்மாவின் கல்யாணப் புடவை நாத்தனார் கல்யாணத்துக்கு இரவல் போனது, திரும்பவே இல்லை. ஆனாலும், "நான் வரேங்க்கா, புடவை இருக்குது" என்றாள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

காலையில் வேன் வந்தது. பச்சையம்மா ஏறினாள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருதுடி இது?" என்று அவள் காதில் கேட்டேன்.

"மொதலாளிதுக்கா. முந்தாநாள்தான் தறியிலருந்து அறுத்தாரு. நாளைக்குக் காலைல கொண்டுபோயி குடுக்கணும்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரு தாமலுக்குப் போயிருக்காரு, பெரியப்பா காரியத்துக்கு. பொழுது சாஞ்சிதான் வருவாரு. சும்மா ஒக்கார்றதுதானேக்கா? மடிப்புக் கலையாம வெச்சிருவேன்."

நெசவாளர் வீட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலாளிக்கு நெய்த புடவையை வீட்டுப் பெண்கள் தோளில் போட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது யாரோ ஒரு மணப்பெண் முதன்முதலில் கட்ட வேண்டியது. ஒரு கறை, ஒரு இழுப்பு இருந்தால் முதலாளி திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் பாவு கொடுக்க மாட்டார். தறி சும்மா நிற்கும். சும்மா நிற்கிற தறியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? இத்தனையும் எனக்குத் தெரியும். அந்தத் தெருவிலேயே இருக்கிறவள் நான்.

இறங்குடி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் இறங்கினால் பதினோரு பேர். பதினோரு பேர் என்றால் எனக்கு வசனம் இல்லை. இதை மூடி மறைத்து எழுதினால் நான் உங்களுக்குச் சொல்கிற புத்திமதிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். என் சுயநலம்தான் அவளை அந்த வேனில் உட்கார வைத்தது.

தோப்பில் பந்தல் பிரமாதமாகப் போட்டிருந்தார்கள். வாழை மரம், தென்னங்கீற்றுத் தோரணம், மணவறை எல்லாம் இருந்தது. அசிஸ்டென்ட் வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். பச்சையம்மாவின் புடவையைப் பார்த்ததும், "இவங்களை முன்னால போடுங்க" என்றார். முதல் வரிசை, மணவறைக்கு நேர் எதிரே. அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பந்தலுக்கு மேல் இரும்புக் குழாய்கள் போயின. ஏதோ லைட்டுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தண்ணீர் லாரி தோப்புக்குள் நுழைந்து பந்தலுக்குப் பின்னால் நின்றது. ஒருவர் மோட்டாரை இறக்கி வைத்து, லாரியிலிருந்து குழாயை இழுத்து மாட்டினார். நான் கொல்லைப் பக்கம் போய்விட்டு வருகிறவள், சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"இன்னாண்ணே, மரத்துக்குத் தண்ணி பாய்ச்சுறாங்களா?"

அவர் சிரித்தார். "மரத்துக்கா? மழைம்மா! கல்யாணத்துல மழை கொட்டி எல்லாரும் ஓடணும். இப்பப் பாரு, ரெண்டு லாரி தண்ணி ஊத்தப்போறேன்."

நேரே ஏஜெண்டிடம் போனேன். அவர் மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மழை சீனாமே. ஏன் சொல்லல?"

"மெதுவாப் பேசு. சொன்னா ஒருத்தியாவது பட்டு கட்டிக்கினு வருவாளா?"

"பச்சையம்மா கட்டிக்கினு இருக்கிறது மொதலாளி புடவைங்க. நாளைக்குக் குடுக்கணும். தண்ணி பட்டா அரக்கு எறங்கி மஞ்சளெல்லாம் பரவிடும். அவங்க குடும்பமே போயிடும்."

"அது அவ பாடு. யாரு கட்டிக்கினு வரச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

"இத பாரு சரசு, டைரக்டரு உங்களுக்குத் தெரியாம நடக்கணும்னு சொல்றாரு. தெரிஞ்சா மூஞ்சில தெரிஞ்சிரும். நீ போயி ஒக்காரு. ஒன் டயலாக் முடிஞ்சதுந்தான் மழை. வாயத் தொறந்தின்னா இந்தக் கம்பெனி இல்ல, எந்தக் கம்பெனியும் உனக்கு இல்ல."

போய் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். உடனே எழுந்து கத்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் உட்கார்ந்தேன். கண் முன்னால் இரண்டு இருந்தது. பத்து வருஷமாகக் காத்திருந்த ஒரு வரி. மூன்று அடி தள்ளி பச்சையம்மாவின் முதுகு. அவள் முந்தானையை மடித்து மடியில் வைத்து, தரையில் படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ நெற்றிக்குச் சந்தனம் கொண்டுவந்தபோது, புடவையில் விழப்போகிறது என்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு துளி சந்தனத்துக்குப் பயப்படுகிறவள் தலைமேல் இரண்டு லாரி தண்ணீர் காத்திருந்தது.

அசிஸ்டென்ட் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் கையைக் கீழே விட்டதும் நான் வசனம் பேச வேண்டும். மோட்டார்க்காரர் பிடியில் கை வைத்தபடி நிற்பது தெரிந்தது.

எழுந்து நின்றேன். "எழுந்திருங்கடி எல்லாரும்! தண்ணி ஊத்தப்போறாங்க! வெளிய ஓடுங்க!"

பன்னிரண்டு பேரும் எழுந்து ஓடினோம். நாற்காலி சரிந்தது, அட்சதைத் தட்டு கவிழ்ந்தது. மேளக்காரர்களும் எதற்கென்று தெரியாமல் எங்களோடு ஓடினார்கள். யாரோ "கட், கட்" என்று கத்தினார்கள். ஏஜெண்ட் ஓடிவந்து என் கையைப் பிடித்து முறுக்கினார். வாயில் வந்ததெல்லாம் பேசினார். அதை எழுதினால் காகிதம் நாறும்.

டைரக்டர் குடையை விட்டு வெளியே வந்தார். பத்து வருஷத்தில் ஒரு டைரக்டரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. என்ன கலாட்டா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க, இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சம் புத்தி சரியில்ல" என்றார் ஏஜெண்ட்.

"ஐயா, இது எல்லாம் எங்க சொந்தப் புடவைங்க. மழைன்னு யாரும் சொல்லல" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

டைரக்டர் முகம் சுளித்தார். "சொந்தப் புடவையா? கம்பெனி புடவை காலைலயே குடுத்தாச்சே. ஒரு பெட்டி நிறைய."

"பொய்யிங்க. எல்லாம் கம்பெனி புடவைதாங்க கட்டிக்கினு இருக்காளுங்க. கூலி ஏத்திக் கேக்கறதுக்கு நாடகமாடுறாளுங்க" என்றார் ஏஜெண்ட். முகத்தில் ஒரு சலனம் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

டைரக்டர் எங்களையும் ஏஜெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். யார் பேச்சை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பேச்சை நம்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்போது பச்சையம்மா முன்னால் வந்தாள். முந்தானையை விரித்து அதன் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். தறியிலிருந்து அறுத்த நூல் அப்படியே இருந்தது. முடிச்சுப் போடாமல், குஞ்சம் கட்டாமல், விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கே போகாத புடவை எந்தக் கம்பெனிப் பெட்டியில் இருக்கும்? டைரக்டர் அந்த நூலை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி எங்க?"

ஏஜெண்ட் தோப்பு வாசலைப் பார்த்தார். பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது, பெட்டி அன்றைக்குக் காலையிலேயே அவருடைய இன்னொரு ஷூட்டிங்குக்குப் போயிருந்தது. ஒரு கம்பெனியின் புடவையை இன்னொரு கம்பெனிக்குக் காட்டிக் காரியம் முடித்துக்கொண்டு, இங்கே எங்கள் புடவையை நனைக்கப் பார்த்தார். எங்கள் புடவை போனால் போகட்டும், கேட்கிறதற்கு யார் இருக்கிறார்கள் என்கிற தைரியம்.

இங்கே நீங்கள் ஏஜெண்டை அடித்து விரட்டினார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் போகிறது என்று டைரக்டர் அவசரப்பட்டார். சமையலுக்கு வந்த பெண்களையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் பருத்திப் புடவையோடு உட்கார வைத்து மழையை ஊற்றினார்கள். என் வரியை வேறு யாரோ சொன்னாள். மறுநாளும் அந்தக் கம்பெனிக்கு ஆள் கொண்டுவந்தது அதே ஏஜெண்ட்தான். அன்றைக்குத் திரும்பிப் போக எங்களுக்கு வேன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பச்சையம்மா மரத்துக்குப் பின்னால் போய், பையில் வைத்திருந்த பழைய புடவைக்கு மாறிக்கொண்டாள். பட்டை மடிப்பு மாறாமல் மடித்துத் துண்டில் சுற்றினாள். பன்னிரண்டு பேரும் வெயிலில் ஊர் வரைக்கும் நடந்தோம்.

பாதி தூரம் வந்ததும் பச்சையம்மா கேட்டாள். "யக்கா, நீ மொதல்லயே கேட்டிருக்கலாமில்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

மறுநாள் புடவை முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அடுத்த பாவைக் கொடுத்தனுப்பினார். பச்சையம்மா ஓடிவந்து சொன்ன பிறகுதான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது. எனக்கு மட்டும் எட்டு மாசம் ஒரு அழைப்பும் இல்லை. அதற்கப்புறமும் எத்தனையோ படத்தில் நின்றேன். வசனம் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

அதனால் கேளுங்கள். என்ன காட்சி, யார் துணி, தண்ணீரா, நெருப்பா, உயரமா என்று கேளுங்கள். ஏஜெண்டிடம் கேட்டது போதாது. விஷயம் தெரிந்தவனிடம் கேளுங்கள். மோட்டார் ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு அதுவரைக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஏஜெண்டைத் தவிர யாரிடமும் பேசக் கூடாது என்று நம்பியிருந்தேன். யாரிடமும் பேசக் கூடாது என்று ஒருவன் சொன்னால், அவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது. கேட்டால் வேலை போகும் என்பான். போகட்டும். சொல்லாமல் அழைத்துப் போகிற வேலை, வேலையே இல்லை.

அந்த எட்டு மாசம் முடிகிற சமயத்தில் ஏஜெண்ட் எங்கள் தெருவுக்கு வந்தார். வேறு வழியில்லை, அவருக்கு அவசரமாகப் பதினைந்து பேர் வேண்டும். என் வாசலைத் தாண்டிப் போய் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். யாரும் வெளியே வரவில்லை. பச்சையம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் என் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா சீனு?" என்றாள். தெருவுக்கே கேட்கிற குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"சாவு வீடும்மா. பகல்லதான். வெள்ளைப் புடவை கம்பெனியே குடுக்குது."

"தண்ணி ஊத்துவாங்களா?"

"இல்லம்மா."

"நெருப்பு?"

"ஐயோ, இல்லம்மா. சும்மா ஒக்காந்து அழணும்."

"தாலியக் கழட்டச் சொல்லுவாங்களா?"

ஏஜெண்ட் கையிலிருந்த டைரியைப் புரட்டினார். "நாலு பேரு மட்டும்... ஒரு அஞ்சு நிமிசம்... டைரக்டரு கேட்டாத்தான்" என்றார்.

பச்சையம்மா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ டைரக்டரையே இங்க வரச் சொல்லு. என் வீட்டுக்காரரும் உள்ளதான் தறியில இருக்காரு. அவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஏஜெண்ட் டைரியை அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். தெருமுனையில் நின்ற வேன் காலியாகவே போனது.